காலியாகாத இரவுக்கு ஏன் காசு? விடுமுறை வீடு வாடகைக்கு விடுவோருக்கும் முன்பதிவுத் தளங்களுக்கும் ஒரு திறந்த மடல்

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அந்த வீடுகளை எங்களுக்குக் காட்டிப் பணத்தை வாங்கித் தரும் முன்பதிவுத் தளங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

ஏழு இரவுக்கு ஒரு வீடு எடுத்திருந்தோம். தங்கை குடும்பம், எங்கள் குடும்பம், அம்மா என்று ஒன்பது பேர். அம்மாவுக்குப் படி ஏற முடியாது, அதனால் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை வேண்டும். குழந்தைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும். இரண்டு வாரம் தேடி, நான்கு மாதம் முன்னதாகவே முழுப்பணமும் கட்டி உறுதி செய்தோம். புறப்பட 38 நாள் இருக்கும்போது தங்கைக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். நாங்கள் எடுத்த வீட்டுக்கு இருந்த விதி இதுதான்: 45 நாளுக்கு முன் கேன்சல் செய்தால் முழுப்பணமும் திரும்பும், அதற்குப் பிறகு பாதி. நாங்கள் ஏழு நாள் பிந்திவிட்டோம். பாதிப் பணம் போனது.

அதுவரை எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. விதியைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். ஆனால் ஐந்தாம் நாள், எதற்கோ அந்த வீட்டின் பக்கத்தைத் திறந்தபோது எங்கள் ஏழு இரவும் நாட்காட்டியில் மறுபடி அடைபட்டிருந்தன. உரிமையாளருக்கு எழுதிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. இன்னொரு குடும்பம் முழு வாரத்துக்கும் எடுத்துவிட்டது என்றார். அப்படியானால் எங்கள் பாதியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். விதியில் அப்படி இல்லையே என்று பதில் வந்தது. தளத்துக்கு எழுதினேன். ரத்து விதி உரிமையாளர் தேர்ந்தெடுத்தது, அதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று எழுதினார்கள்.

ஒரே ஏழு இரவுக்கு அந்த வீட்டுக்கு ஒன்றரை மடங்கு வாடகை கிடைத்தது. அந்த அரை மடங்கு எங்களுடையது. இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் விட்டுக்கொடுத்த இரவு மறுபடி வாடகைக்குப் போய்விட்டால், உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நட்டமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ரத்துக் கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று விற்காத துணியை நாளை விற்கலாம், விற்காமல் போன இரவை யாராலும் விற்க முடியாது. நாங்கள் ஒரு தேதியைப் பிடித்து வைத்திருக்கும் நாளெல்லாம் மற்றவர்கள் அந்த வீட்டைப் பார்க்கக்கூட முடியாமல் தாண்டிப் போகிறார்கள். கடைசி நேரத்தில் நாங்கள் கையை விரித்தால், அந்த இரவு அப்படியே வீணாகிறது. வீட்டுக் கடன் தவணை, சுத்தம் செய்ய வருபவரின் சம்பளம், மின்கட்டணம் எதுவும் அதற்காகக் காத்திருக்காது. இதை மதிக்கிறேன்.

2020-இல் உங்களில் பலர் பட்ட பாட்டையும் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 14 அன்று, வீடுகளை வாடகைக்குக் காட்டும் முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி நிறுவனம், அதுவரை செய்யப்பட்ட புக்கிங்குகளில் அடுத்து வரும் வாரங்களுக்கானவற்றை ரத்து செய்தால் முழுப்பணம் திரும்பும் என்று அறிவித்தது. உரிமையாளர்கள் வைத்திருந்த விதிகளெல்லாம் ஒரே நாளில் ஒதுக்கப்பட்டன. வருமானம் மொத்தமும் நின்றுபோன உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மார்ச் 30 அன்று அந்த நிறுவனத்தின் தலைவர் பிரையன் செஸ்கி, தங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததற்காக உரிமையாளர்களிடம் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார். ரத்து விதிப்படி அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் 25 சதவீதத்தைத் தருவதற்காக 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

அந்த இரண்டு வாரத்தில் நடந்ததிலிருந்து எனக்கு இரண்டு விஷயம் தெளிவானது. காலியான இரவின் வலி உண்மையானது. அதேபோல், விதியை மாற்ற வேண்டும் என்று தளம் நினைத்தால் ஒரே நாளில் மாற்ற முடியும். ஆகவே, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பாதி விதியில் கேன்சல் செய்கிறேன். 50 எனக்குத் திரும்புகிறது, 50 உரிமையாளரிடம் நிற்கிறது. அவசரமாக ஆள் பிடிக்க வேண்டியிருந்ததால் அவர் விலையைக் குறைத்து 90-க்குக் கொடுக்கிறார். இப்போது அவர் கையில் 140. நான் வந்திருந்தால் 100. அவருக்கு நான் ஏற்படுத்திய நட்டம் 10. அலைச்சலுக்கும் மறுபடி ஏற்பாடு செய்ததற்கும் இன்னொரு 5 எடுத்துக்கொள்ளட்டும், நான் மனமாரத் தருவேன். மிச்சம் 35 என்னிடம் வர வேண்டும். ஏழு இரவில் மூன்று மட்டும் மறுபடி போயிருந்தால், அந்த மூன்றுக்கு மட்டும் இதே கணக்கு, மற்ற நான்குக்குப் பழைய விதி அப்படியே இருக்கட்டும். ஒன்றுமே போகவில்லையா, 50-உம் அவருடையது. அதில் எனக்கு ஒரு சொல்லும் கிடையாது.

இந்தக் கணக்கைப் போட யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்த இரவு எந்தத் தேதியில் கேன்சல் ஆனது, எப்போது மறுபடி போனது, எவ்வளவுக்குப் போனது என்பது முழுதும் தளத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் உங்கள் வழியாகத்தான் போகிறது. உரிமையாளர் அதே வீட்டை வேறொரு தளத்திலும் போட்டிருந்தால் கொஞ்சம் சிக்கல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாட்காட்டிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அந்த இரவுகள் அடைபட்டது தெரியும், எவ்வளவுக்குப் போனது என்பது தெரியாது. அங்கே உரிமையாளரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தானே வந்து தங்குவதற்காக அடைத்திருக்கலாம், பழுது பார்க்க அடைத்திருக்கலாம். அவர் சொல்வதை நம்ப நான் தயார். இப்போது அவரிடம் அந்தக் கேள்வியைக்கூட யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

நான் கேட்பது புதுமையான நியாயமும் இல்லை. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 537-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் தன் சொந்தக் காரணத்தால் வராமல் போனாலும் வாடகையைக் கட்டத்தான் வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் பக்கம் நிற்கும் சட்டம்தான். ஆனால் அதே பிரிவு, ஆள் வராததால் மிச்சமான செலவையும், அந்த இடத்தை வேறு வழியில் பயன்படுத்திப் பெற்ற ஆதாயத்தையும் உரிமையாளர் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்குத் தரும் வழிகாட்டுதலும் இதே பாதையில்தான் போகிறது: வாடிக்கையாளர் ரத்து செய்தால், அதனால் நேரடியாக வந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கே நிறுவனம் பணத்தை வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. மூன்று நாடு. மூன்றிலும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: இழந்ததைக் கேள், அதற்கு மேல் கேட்காதே.

அதே இந்தியாவில் 2020-இல் வந்த மின்வணிக விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது. நிறுவனம் தானாக ரத்து செய்தால் தனக்கும் அதே போன்ற கட்டணத்தை விதித்துக்கொள்ளாதவரை, ரத்து செய்யும் வாடிக்கையாளரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. இந்தச் சமநிலையை எல்லாத் தளங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஏர்பிஎன்பியில் உரிமையாளர் காரணமில்லாமல் ரத்து செய்தால், 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம், அதற்குள் என்றால் 25, கடைசி 48 மணி நேரத்தில் என்றால் 50 சதவீதம் அபராதம். விருந்தினர் ஒருவர் அங்கேயே கடுமையான விதி உள்ள வீட்டைக் கடைசி வாரத்தில் ரத்து செய்தால், வாடகை முழுதும் போகக்கூடும். உரிமையாளர் ரத்து செய்தால் எங்கள் பணம் முழுதும் திரும்பிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ஒன்பது பேருக்கு வேறு வீடு தேடுகிறவருக்கு, நான்கு மாதம் முன்பு இருந்த விலையில் எந்த வீடும் கிடைப்பதில்லை.

அடுத்து, விதியின் சொற்கள். தளத்தாரே, இது உங்களுக்கு. ஏர்பிஎன்பியில் ரத்து விதியின் பெயர் 'மாடரேட்' (மிதமானது) என்றால் ஐந்து நாள் முன்பு வரை முழுப்பணமும் திரும்பும். இன்னொரு முன்பதிவுத் தளமான விஆர்பிஓவில் (Vrbo) 'மாடரேட்' என்றால் 30 நாள் முன்பு வரை முழுதும், 14 நாள் முன்பு வரை பாதி. 'ஃபர்ம்' (உறுதியானது) என்ற விதியில் முழுப்பணம் திரும்ப முதல் தளத்தில் 30 நாள் முன்பு, இரண்டாவதில் 60 நாள் முன்பு ரத்து செய்ய வேண்டும். ஒரே சொல்லை நம்பி ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற குடும்பம், தான் ஒரு மாதம் பின்தங்கிவிட்டதைப் பணம் போன பிறகுதான் உணர்கிறது. இந்தப் பெயர்களை விட்டுவிட்டு, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த மாதம், இந்தத் தேதி, இத்தனை மணி வரை கேன்சல் செய்தால் முழுத்தொகை. அதன் கீழே பாதித்தொகைக்கான தேதி. சிலர் செய்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்த மணி யாருடைய மணி என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பொதுவாக வீடு இருக்கும் ஊரின் நேரம்தான் கணக்கு. கிழக்கே இருக்கும் வீட்டை மேற்கே இருந்து புக் செய்தவருக்கு, அவர் ஊரில் இன்னும் மாலையாக இருக்கும்போதே கெடு முடிந்துவிடுகிறது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு நினைவூட்டல் வந்தால் எத்தனை சண்டைகள் நடக்காமலே போகும்! சலுகை கொடுக்கவும், புது வீடு காட்டவும் இத்தனை செய்தி அனுப்புகிற உங்களுக்கு இந்த ஒரு செய்தி பாரமாக இருக்காது.

புக் செய்த கையோடு மனம் மாறுகிறவர்களுக்கான வாசல் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, செக்-இன்னுக்கு 72 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகச் செய்த புக்கிங்கை, உறுதியான 24 மணி நேரத்துக்குள் எந்தக் கட்டணமும் இல்லாமல் ரத்து செய்யலாம். விடுதிகளுக்கும், குறுகிய கால வாடகை வீடுகளுக்கும், இடைத்தரகாக நிற்கும் முன்பதிவுத் தளங்களுக்கும் அது பொருந்தும். ஏர்பிஎன்பியும் 2025 அக்டோபர் முதல், ஏழு நாளாவது முன்னதாகச் செய்த 28 இரவுக்குக் குறைவான புக்கிங்குகளுக்கு இதே 24 மணி நேர அவகாசத்தைக் கொண்டுவந்திருக்கிறது. தேதியைத் தவறாக அழுத்தியவர்களையும், வீட்டில் இன்னொருவரைக் கேட்காமல் பணம் கட்டியவர்களையும் இது காப்பாற்றும். மற்ற தளங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கு இருக்கும் 14 நாள் திரும்பப்பெறும் உரிமை, தேதி குறித்த தங்குமிடங்களுக்குக் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஆகவே இந்தத் துறையில் நீங்களாகத் தருகிற அவகாசம்தான் பெரும்பாலான ஊர்களில் ஒரே பாதுகாப்பு.

உரிமையாளர்களே, இனி உங்களிடம். ரத்து என்ற சொல் வருவதற்கு முன்பே பேச இடம் கொடுங்கள். எங்களில் பாதிப் பேர் வரவே வேண்டாம் என்று நினைப்பதில்லை, வேறு தேதியில் வர நினைக்கிறோம். தங்கை தேறியதும் மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்கு வரத்தான் நாங்களும் விரும்பினோம். நான் அதைக் கேட்கத் தெரியாமல் நேரே கேன்சல் பொத்தானை அழுத்தினேன். அது என் அறியாமை. ஆனால் தேதி மாற்றும் வழியை மூன்று திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, கேன்சல் பொத்தானை முன்னால் வைத்தது என் வேலை இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வேறொரு வீட்டில் வேறு அனுபவம் கிடைத்தது. விமானமே ஓடாது என்ற நிலையில் அந்த வீட்டம்மாவுக்கு இரவு பத்து மணிக்கு எழுதினேன். எந்த விதியிலும் எனக்கு உரிமை இல்லை. காலையில் அவர் பதில் எழுதியிருந்தார்: வாடகை குறைந்த பருவத்தில் எந்த வாரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்தப் பணத்தை அதற்கு வைத்துக்கொள்கிறேன். நாங்கள் ஆளில்லாத பருவத்தில் போனோம். அவருக்குக் காலியாகக் கிடந்திருக்கும் ஒரு வாரம் நிரம்பியது. அதற்குப் பிறகு எங்கள் உறவில் மூன்று குடும்பங்கள் அந்த வீட்டுக்குப் போய் வந்துவிட்டன.

தேதியை மாற்றிக்கொடுப்பதில் உங்களுக்கு இழப்பு இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறை வாரத்தை விட்டுவிட்டு, யாரும் வராத வாரத்துக்கு அதே பணத்தில் மாற்றினால் சரி, மறுபக்கம் என்றால் வித்தியாசத்தை நாங்கள் தர வேண்டும். தருகிறோம். நாளைக் குறைக்கும்போதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏழு இரவுக்கு வாரச் சலுகை இருக்கும், ஆறாகக் குறைத்தால் சலுகை போய்விடும், தொகை ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஒரு நாளைக் குறைத்தால் பணம் மிச்சமாகும் என்று நினைத்து மாற்றுபவர்கள் இங்கேதான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். அந்தக் கோபம் உங்கள் மதிப்பீட்டுப் பக்கத்தில் வந்து விழுகிறது.

பெயர் மாற்றம் என்று இன்னொரு வழி இருக்கிறது. நான் வர முடியாது, ஆனால் என் நண்பர் குடும்பம் அதே தேதியில் வரத் தயார் என்றால், உங்களுக்கு என்ன குறை? அடையாளச் சான்று வேண்டும் என்றால் அவர்களும் தருவார்கள். பல தளங்களில் இதற்கு நேரான வழி இல்லை. உரிமையாளரின் ஒப்புதலோடு புக்கிங்கை வேறொருவர் கணக்குக்கு மாற்றும் ஒரு பொத்தானை வையுங்கள். யாருக்கும் நட்டமில்லாமல் தீரும் வழி இதைவிட வேறு இல்லை.

ஒரு வேண்டுகோளைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். உரிமையாளர்களில் சிலர், தங்களால் வீடு தர முடியாமல் போகும்போது, நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், நான் பணத்தைத் தனியாக அனுப்பிவிடுகிறேன் என்று விருந்தினருக்கு எழுதுகிறார்கள். அபராதம் தங்கள் தலையில் விழாமல் இருக்கத்தான் இது. விருந்தினர் அழுத்திவிட்டால் கணினியின் கண்ணில் ரத்து செய்தவர் அவர்தான். முழுப்பணமும் பெறும் உரிமை அந்த ஒரு அழுத்தலில் போய்விடுகிறது. என் தோழி ஒருத்திக்கு இது நடந்தது, தனியாக வரும் என்ற பணம் வரவே இல்லை. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தளத்தாரே, உரிமையாளர் இப்படி எழுதிய செய்தி உங்கள் பதிவிலேயே இருக்கும்போது, விருந்தினர் தானாக ரத்து செய்ததாக அதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

இந்த மடலைப் படிக்கிற என்னைப் போன்ற பயணிகளும் இருப்பீர்கள். நான் பாதிப் பணம் கொடுத்துக் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கேன்சல் பொத்தானை அழுத்துவதற்கு முன் உரிமையாளருக்கு எழுதுங்கள், அழுத்திய பிறகு உங்கள் கையில் பேச எதுவும் இருக்காது. எழுதும்போது தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், தொலைபேசியில் பேசினாலும் பேசியதை இரண்டு வரியில் அங்கே போட்டுவையுங்கள். விதிக்கு மேலும் பணம் திருப்பித் தர உரிமையாளருக்குத் தளத்திலேயே வழி இருக்கிறது, அதைக் கேட்பதில் தவறில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தத் தேதிகள் மறுபடி போனால் எனக்கு எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? பதில் வந்த பிறகு கேன்சல் செய்யுங்கள். இறுதியாக உறுதி செய்வதற்கு முன் வரும் திரையில் எவ்வளவு திரும்பும் என்று காட்டும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளேயே நுழையாத வீட்டுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் பிடித்திருந்தால் விடாமல் கேளுங்கள். வேறு நாணயத்தில் கட்டியிருந்தால், திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில் பணம் வரக்கூடும். வங்கி எடுத்த மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் வராது. அது தளத்தின் தவறும் இல்லை, உரிமையாளரின் தவறும் இல்லை.

பயணக் காப்பீடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பட்டியலில் உள்ள காரணத்துக்குத்தான் பணம் தருவார்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு வாங்கினால் பயனில்லை. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் காப்பீடு சில நாடுகளில் உண்டு. அதுவும் பொதுவாகச் செலவில் பாதி முதல் முக்கால் பங்கு வரைதான் தரும், முதல் பணம் கட்டிய சில வாரங்களுக்குள் வாங்கிவிட வேண்டும். தளங்களின் பேரிடர் விதிகளை நம்பியும் இருக்க முடியாது. புயல், வெள்ளம், பயணத்தடை போன்று ஊருக்கே வரும் கேட்டுக்குத்தான் அவை. நம் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் அவை பொதுவாகக் கைகொடுப்பதில்லை.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு நேர்மை இருக்காது. ஒரே தேதிக்கு மூன்று வீட்டைப் பிடித்து வைத்துவிட்டு, கெடு முடியும் இரவில் இரண்டைக் கைவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முழுப்பணம் திரும்புகிறதே என்பதற்காக அதில் யாருக்கும் நட்டமில்லை என்று நினைக்கிறார்கள். அந்த இரண்டு உரிமையாளர்களும் நல்ல பருவத்தில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த முறை அவர்கள் கடுமையான விதியைத் தேர்ந்தெடுத்தால், அதன் பாரம் உண்மையாகவே நோயோடு போராடும் ஒரு குடும்பத்தின் மேல் விழும். வர முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லுங்கள். ஒரு நாள் முன்னதாகச் சொன்னாலும் அந்த இரவு மறுபடி போக ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

தளத்தாரே, மறுவாடகைக் கணக்கை எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் கொண்டுவர முடியாது என்றால், விரும்பும் உரிமையாளர்களுக்கு மட்டும் முதலில் திறந்துவிடுங்கள். 'இரவு மறுபடி போனால் பணம் திரும்பும்' என்று அந்த வீட்டின் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். நீச்சல் குளத்துக்கும் வைஃபைக்கும் வடிகட்டித் தேட வசதி கொடுத்திருக்கிறீர்கள், இதற்கும் கொடுங்கள். எத்தனை பேர் அதை அழுத்துகிறார்கள் என்று ஓராண்டு பாருங்கள். அந்த உரிமையாளர்களுக்கு ஆள் குறைகிறதா கூடுகிறதா என்பது உங்கள் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

தங்கை இப்போது நலமாக இருக்கிறாள். அம்மா மறுபடி கீழ்த்தளத்து அறை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். போன வாரம் நான்கு வீட்டு உரிமையாளர்களுக்கு, பணம் கட்டும் முன்பே ஒரே கேள்வியை எழுதி அனுப்பினேன்: நாங்கள் வர முடியாமல் போய், அந்த நாள்கள் வேறொருவருக்குப் போனால், எங்கள் பணத்தை என்ன செய்வீர்கள்? ஒருவர் பதில் எழுதவில்லை. ஒருவர் விதியைப் பாருங்கள் என்றார். இரண்டு பேர், உங்கள் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவரது வீட்டில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது. அங்கேதான் போகப்போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வீடுகளில் இன்னும் தங்க விரும்பும் ஒருத்தி